துப்பறியும் கதையும் கிட்டாரும்: கேப்டன் கிட் என்ற செக் எழுத்தாளர்

1931ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் ஓர் அரசாணையும் ஒரு புத்தகமும் வெளியாயின. ஆணையைப் பிறப்பித்தவர் போஹேமிய மாகாணத் தலைவர் ஹூகோ குபாத். வார வேலை முடிந்ததும் பிராக் நகரிலிருந்து ரயிலேறி, ஆற்றங்கரைக் காடுகளில் கூடாரமடித்து, தீ மூட்டி, கிட்டார் வாசித்துப் பாடிவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பும் இளைஞர்களை அடக்குவதுதான் அதன் நோக்கம். மணமாகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து முகாமிடக் கூடாது என்றது ஆணை. புத்தகத்தை எழுதியவர் காரெல் சாபெக். 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்த நாடகாசிரியர். அவருடைய 'மார்சியாஸ்' இலக்கியத்தின் ஓரத்தில் கிடப்பவற்றைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு. துப்பறியும் கதை, வேலைக்காரப் பெண்கள் விரும்பிப் படித்த மலிவு நாவல், பஞ்சாங்கம், செய்தித்தாள், பிராக் தெருக்களில் பாடப்பட்ட பாட்டு என்று படித்தவர்கள் முகம் சுளித்த எல்லாவற்றையும் சாபெக் அதில் மதிப்போடு எடுத்து ஆராய்ந்தார்.

ஆணை குறிவைத்த வாழ்க்கையும் புத்தகம் பரிந்து பேசிய எழுத்தும் பின்னாளில் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்தன. யரோஸ்லாவ் வெலின்ஸ்கி 1932இல் பிராக்கில் பிறந்தவர். துப்பறியும் நாவல் எழுதினார், அறிவியல் புனைகதை எழுதினார், பாட்டு எழுதிப் பாடினார், நாட்டின் புகழ்பெற்ற இசை விழா ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், பிற்காலத்தில் பதிப்பாளராகவும் இருந்தார். 2012இல் காலமானார். காட்டுக்குக் கூட வந்த தோழர்களுக்கு அவர் 'கேப்டன் கிட்'. கடற்கொள்ளையர் கதைகளை நினைவூட்டும் பட்டப்பெயர் அது. பாட்டு உலகில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் ஆளைத் தெரியும்.

இப்படிப்பட்டவர்களை இலக்கிய வரலாறு இரண்டாகப் பிரித்துவிடுகிறது. நாவல்களை ஒருவர் ஆராய்கிறார், பாட்டுகளை இன்னொருவர் ஆராய்கிறார். நாவலைப் பற்றிப் பேசும்போது இசை ஒரு பொழுதுபோக்காகிவிடுகிறது. இசையைப் பற்றிப் பேசும்போது நாவல் பக்கவேலையாகிவிடுகிறது. வெலின்ஸ்கியைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை பொருந்தாது. அவருடைய கதையும் பாட்டும் ஒரே மண்ணில் விளைந்தவை. 'ட்ராம்ப்' என்று செக் மக்கள் அழைக்கும் காடோடி இளைஞர் மரபுதான் அந்த மண். அந்த மரபைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய வாழ்க்கை பிடிபடாது.

அதன் தொடக்கம் முதல் உலகப்போர் முடிந்த நாட்களில். செக் நாட்டுக்கு சாரணர் இயக்கத்தை 1911இல் கொண்டுவந்தவர் அந்தோனீன் பெஞ்சமின் ஸ்வொய்சீக். காடும் கூடாரமும் பிராக் சிறுவர்களுக்குப் பிடித்திருந்தன. சீருடையும் விசிலும் அணிவகுப்பும் பலருக்குப் பிடிக்கவில்லை. சொந்தமாகக் கிளம்பிப் போனவர்களைக் 'காட்டுச் சாரணர்கள்' என்றார்கள். பிராக்குக்குத் தெற்கே வல்தாவா ஆறு பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் இடம் ஒன்று இருந்தது. அங்கே 1918 வாக்கில் ஒரு சிறு கூட்டம் தங்க ஆரம்பித்தது. முதலில் 'கர்ஜனை முகாம்' என்றும் பிறகு 'இழந்த நம்பிக்கை' என்றும் அந்தத் தங்குமிடத்துக்குப் பெயர். பின்னர் நூற்றுக்கணக்கில் முளைத்த காட்டுக் குடியிருப்புகளுக்கு அதுவே முன்னோடி என்று கருதப்படுகிறது. குடியிருப்பை 'ஓசாடா' என்றார்கள், அதன் தலைவரை 'ஷெரிஃப்' என்றார்கள், பெருங்கூட்டத்தைப் 'பொட்லாக்' என்றார்கள். ஒன்று செக் சொல், இன்னொன்று அமெரிக்க மேற்குப் பகுதியின் சட்டக் காவலர் பதவி, மூன்றாவது வட அமெரிக்கப் பழங்குடிகளின் விருந்துச் சடங்கு.

இந்த அமெரிக்காவை அவர்களில் கிட்டத்தட்ட யாருமே பார்த்ததில்லை. பிராக் திரையரங்குகளில் ஓடிய ஊமைப்படங்களிலும், ஜாக் லண்டன் கதைகளிலும், எர்னஸ்ட் தாம்சன் சீட்டனின் காட்டு வாழ்க்கை நூல்களிலும், ஜெர்மானியரான கார்ல் மே எழுதிய செவ்விந்தியர் சாகசங்களிலும் அவர்கள் அதைச் சந்தித்தார்கள். அச்சுத் தொழிலாளி, தொழில் பழகும் பையன், கடைச் சிப்பந்தி, மாணவன் என்று வாரத்தில் ஆறு நாளும் நகரத்தின் சத்தத்தில் உழன்றவர்கள் ஏழாம் நாள் தாங்கள் வாசித்த கதைக்குள் போய் வாழ்ந்தார்கள். சாஸவா ஆற்றங்கரையை ஒட்டி ஓடிய சாதாரணக் கிளைப்பாதை ரயில், அமெரிக்காவின் பெரும் ரயில்பாதைகளை நினைவூட்டும் வகையில் 'சாஸவா பசிபிக்' ஆனது. இதைத் தப்பியோடல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கவனித்துப் பார்த்தால் இது வாசிப்பின் மிகத் தீவிரமான வடிவம். வாசகர் கதையை மூடி வைக்கவில்லை. அதற்கு ஓர் ஊரும் பெயரும் சட்டமும் இசையும் ஏற்படுத்திக்கொண்டார்.

இசையிலும் இதுதான் நடந்தது. ஆரம்பத்தில் ராணுவப் பாட்டு, கேளிக்கை அரங்குப் பாட்டு என்று கிடைத்ததையெல்லாம் பாடினார்கள். 1920களின் இறுதிக்குள் அந்தத் தீயைச் சுற்றிப் பாடுவதற்கென்றே எழுதப்பட்ட பாட்டுகள் வந்துவிட்டன. யென்டா கோர்டாவின் 'கொடி' ட்ராம்ப் மரபின் கீதமாக நிலைபெற்றது. எடுவார்ட் இங்க்ரிஷ் 1929இல் இயற்றிய 'நயாகரா' காட்டிலிருந்து நகரத்துக்கு வந்து இசைத்தட்டிலும் ஏறியது.

இங்க்ரிஷின் பின்வாழ்க்கை சாகச நாவல் போன்றது. போருக்குப் பிறகு தென் அமெரிக்காவுக்குப் போனார். 1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் திரும்ப முடியாமல் பெருவிலேயே தங்கினார். பால்சா மரக் கட்டுமரம் கட்டி 1955இல் பசிபிக் கடலைக் கடக்கக் கிளம்பித் தோற்றார். 1959இல் 'கான்ட்டூட்டா' என்ற அதே பெயரில் இன்னொரு கட்டுமரத்தில் கிளம்பி பாலினேசியத் தீவு வரை போய்ச் சேர்ந்தார். 'நயாகரா' எழுதிய காலத்தில் அவர் அந்த அருவியைப் பார்த்திருக்கவில்லை. பாட்டில் கற்பனை செய்த தூரங்களைப் பிறகு உடலால் கடந்த மனிதர் அவர்.

கதையும் பாட்டும் ஒரே கையில் சேர்வதும் வெலின்ஸ்கியிடம் தொடங்கவில்லை. 'பாப் ஹுரிகான்' என்ற பெயரில் அறியப்பட்ட யோசெஃப் பெட்டெர்கா காட்டுப் பாட்டுகள் இயற்றினார், அமெரிக்க மேற்கின் சாகசக் கதைகளும் எழுதினார். 1940இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் நடுவே, ட்ராம்ப் இயக்கத்தின் வரலாற்றையும் அவரே எழுதி வெளியிட்டார். பாடகர், கதாசிரியர், வரலாற்றாசிரியர் என்ற மூன்று வேலைகளும் அந்த மரபுக்குள் ஒரே ஆளுக்கு இயல்பாகக் கைவந்தன. தீயைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பாட்டுக்குப் பாட்டு கதையும் சொன்னார்கள். குடியிருப்பின் நாட்குறிப்பேட்டில் யாராவது ஒருவர் எல்லாவற்றையும் எழுதியும் வைத்தார்.

வாசிப்புப் பசிக்குத் தீனி போட அச்சகங்கள் தயாராக இருந்தன. 1935 முதல் 1944 வரை 'ரொடொகாப்ஸ்' என்ற வார வரிசை வெளிவந்தது. சட்டைப்பையில் அடங்கும் நாவல்கள் என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். கௌபாய் கதை, துப்பறியும் கதை, கடல் சாகசம் எல்லாம் மலிவு விலையில் கிடைத்தன. வெலின்ஸ்கியின் குழந்தைப் பருவம் முழுக்க இந்த வரிசையின் காலத்தோடு ஒத்துப்போகிறது. ரொடொகாப்ஸ் ஆசிரியர்களைப் பள்ளி ஆசிரியர்கள் வெறுத்தார்கள். பையன்கள் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். வரிசை நின்ற பிறகும் கந்தலான பழைய இதழ்கள் பல பத்தாண்டுகள் கைமாறிக்கொண்டே இருந்தன.

இதே ஆண்டுகளில்தான் செக் சிறுவர் இலக்கியத்தின் மிக வலுவான மர்மமும் பிறந்தது. யரோஸ்லாவ் ஃபோக்லர் சாரணர் தலைவர்; 'மிலடீ ஹ்லாசாடெல்' என்ற சிறுவர் இதழில் பணியாற்றியவர். 1938இல் அவர் எழுத யான் ஃபிஷர் வரைந்த 'வேக அம்புகள்' படக்கதை ஐந்து பையன்களின் சங்கத்தைப் பற்றியது. அதன் நாயகர்களை வைத்து ஃபோக்லர் எழுதிய 'புதிரின் மர்மம்' 1941இல் நூலானது. பழைய நகரத்தின் சந்துபொந்துகள், அங்கே இருட்டில் ஆட்சி செலுத்தும் முரட்டுச் சிறுவர் கூட்டம், கூண்டுக்குள் அடைபட்ட முள்ளெலி வடிவில் ஓர் உலோகப் புதிர். இவற்றின் மையத்தில் யான் டிலெஸ்காச் என்ற பூட்டுத் தொழில் பழகிய இளைஞன். பறக்கும் மிதிவண்டியைக் கண்டுபிடித்தவன் அவன். தேவாலய மணிக்கூண்டிலிருந்து விழுந்து செத்தவன். இதழைப் படித்த பிள்ளைகள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் வாசகர் சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். ட்ராம்புகள் மேற்கத்தியக் கதைகளுக்குச் செய்ததையே இந்தச் சிறுவர்கள் ஃபோக்லரின் கதைகளுக்குச் செய்தார்கள். வெலின்ஸ்கி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் என்று கேட்டால் இந்தத் தலைமுறை என்பதுதான் சரியான பதில்.

போர் அந்த நிலப்பரப்பையே மாற்றியது. 'இழந்த நம்பிக்கை' தோன்றிய ஆற்றுவிரைவுகள் ஷ்ட்யெஹோவிட்சே அணையின் நீருக்கடியில் போயின. வல்தாவாவுக்கும் சாஸவாவுக்கும் இடைப்பட்ட பெரும்பகுதியை நாஜி எஸ்.எஸ். படை 1942 முதல் பயிற்சிக் களமாக எடுத்துக்கொண்டது; கிராமம் கிராமமாக மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வார இறுதிச் சுதந்திரத்தின் பழைய வரைபடம் அதோடு கிழிந்தது.

1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியபோது வெலின்ஸ்கி பதின்பருவத்தின் நடுவில் இருந்தார். அடுத்து வந்த சில ஆண்டுகளில் அவருடைய சிறுவயது உலகத்தின் ஒவ்வொரு கதவும் சாத்தப்பட்டது. சாரண அமைப்பு கலைக்கப்பட்டது. போருக்குப் பின் ஃபோக்லர் பணியாற்றிய 'ஃப்ப்ர்ஷேட்' இதழ் நின்றது. அவருடைய நூல்கள் நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டன. 1949இல் வந்த சட்டம் தனியார் புத்தகப் பதிப்பையே ஒழித்தது. மலிவுச் சாகசக் கதைக்குக் 'குப்பை' என்று பெயர் வைத்து, தொழிலாளி வர்க்கத்தின் மனத்தைக் கெடுக்கும் சரக்கு என்றார்கள். அதை அதிகம் விரும்பிப் படித்தவர்கள் தொழிலாளிகளே என்பதை அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காட்டுக்குப் போவதை மட்டும் முழுக்கத் தடுக்க முடியவில்லை. அமெரிக்க ராணுவச் சட்டையும் கிட்டாருமாக ரயில் நிலையத்தில் நின்றால் போலீஸ் அடையாள அட்டை கேட்கும். பெருங்கூட்டம் கூடினால் விரட்டும். ஆனாலும் போனார்கள்.

1960களில் பிடி தளர்ந்தது. முனிச்சிலிருந்து ஒலித்த அமெரிக்கப் படை வானொலி வழியாக கன்ட்ரி இசை எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தது. 1964இல் அமெரிக்க நாட்டார் பாடகர் பீட் சீகர் பிராக்கில் பாடினார். அவர் கையிலிருந்த நீண்ட கழுத்துள்ள ஐந்து தந்தி பேன்ஜோவைப் பார்த்த மார்கோ செர்மாக் என்ற இளைஞர், அதன் புகைப்படங்களை வைத்துக்கொண்டு தாமே ஒன்றைச் செய்தார். கடையில் வாங்க வழியில்லாத கருவி அது. செர்மாக் பிறகு 'கிரீன்ஹார்ன்ஸ்' இசைக்குழுவில் வாசித்தார். அதே செர்மாக்தான் ஃபோக்லரின் 'வேக அம்புகள்' படக்கதைக்குப் பின்னாளில் ஓவியம் தீட்டியவர்களில் ஒருவர். கதையும் பாட்டும் பிரியாத குடும்பம் இது என்பதற்கு வெலின்ஸ்கிக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டுமென்றால் செர்மாக்கைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1964இலேயே திரைக்கு வந்த 'லெமனேட் ஜோ' என்ற படம் கௌபாய் கதைகளைப் பகடி செய்தது. நாடே அதைக் கொண்டாடியது. பகடி புரிய வேண்டுமென்றால் மூலம் தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுத் தடைக்குப் பிறகும் மூலம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

இந்தச் சூழலில்தான் 1967இல் ஊஸ்தீ நாட் லாபெம் நகரில் 'போர்ட்டா' விழா தொடங்கியது. ட்ராம்ப் பாட்டு, நாட்டார் பாட்டு, கன்ட்ரி இசை மூன்றுக்குமான போட்டி விழா அது. தொடங்கியவர்களில் வெலின்ஸ்கி ஒருவர். விழாவின் பெயருக்கு வாசல் என்று பொருள். லாபெ ஆறு மலைகளைக் குடைந்துகொண்டு வெளியேறும் 'போஹேமியாவின் வாசல்' அந்த நகரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஊஸ்தீ எப்படிப்பட்ட ஊர் என்பதையும் பார்க்க வேண்டும். இரசாயனத் தொழிற்சாலைகளின் புகை படிந்த நதித் துறைமுகம். 1945 வரை அங்கே பெரும்பான்மையினர் ஜெர்மானியர். அவர்களுக்கு அது 'ஔசிக்'. போர் முடிந்ததும் அவர்கள் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் உள்நாட்டிலிருந்து வந்த செக் குடும்பங்கள் காலியான வீடுகளில் குடியேறின. தெற்கு மொராவியாவில் ஒரு கிராமத்துப் பிள்ளை தாத்தாவிடம் கேட்டு வளரும் பாட்டு போல, வழிவழியாக வந்த பாட்டு எதுவும் இந்த ஊரின் புது மக்களுக்கு இல்லை. அவரவர் சுமந்து வந்ததுதான் இருந்தது. ஊரின் மரபு இல்லாத இடத்தில், எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ட்ராம்ப் பாட்டு விழாவாக மலர்ந்ததைத் தற்செயல் என்று விட்டுவிட முடியவில்லை. எல்லோரும் வந்தேறிகளாக இருக்கும் ஊருக்குப் பொருத்தமான பாட்டு, காட்டில் ஒன்றுகூடிய அந்நியர்கள் இயற்றிய பாட்டாகத்தானே இருக்க முடியும்? வெலின்ஸ்கியின் வாழ்க்கையும் இந்த வடக்கு போஹேமியாவோடுதான் பின்னிப் பிணைந்தது.

போர்ட்டா செய்த காரியத்தின் எடை இன்று எளிதில் தெரியாது. அதுவரை ட்ராம்ப் பாட்டு தீயைச் சுற்றி இருபது முப்பது பேருக்குப் பாடப்பட்டது. கேட்பவரும் பாடுபவரும் ஒருவரே. வட்டாரப் போட்டிகளில் தேர்வாகி இறுதிச் சுற்றுக்கு வரும் முறை அதற்கு மேடையும் நடுவர்களும் பார்வையாளர்களும் தந்தது. தொழில்முறைப் பாடகர் உரிமம் இல்லாத ஒரு தொழிற்சாலை ஊழியர் தாம் எழுதிய பாட்டை ஆயிரக்கணக்கானோர் முன்பு பாட முடிந்தது. மேடைக்குப் போனால் காட்டின் நெருக்கம் போய்விடும் என்று அஞ்சிய பழைய ட்ராம்புகளும் இருந்தார்கள். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் மேடை கிடைக்காமல் போயிருந்தால் 1968க்குப் பிறகு வந்த இருண்ட ஆண்டுகளில் அந்தப் பாட்டு மிகச் சிறிய வட்டங்களுக்குள் சுருங்கியிருக்கும்.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. 'இயல்புநிலை' என்று ஆட்சி பெயரிட்ட அடுத்த இருபதாண்டுகளில் பேச்சும் இசையும் மீண்டும் கட்டுக்குள் வந்தன. பாடகர் காரெல் கிரில் 1969இல் நாட்டை விட்டுப் போனார். ஆங்கிலப் பெயர் கூட ஆகாது என்றானது. 'கிரீன்ஹார்ன்ஸ்' குழு 'செலெனாச்சி' ஆனது, 'ரேஞ்சர்ஸ்' குழு 'பிலாவ்சி' ஆனது. போர்ட்டாவும் தொடங்கிய ஊரில் நிலைக்கவில்லை. இடையில் நின்றது, ஊர் மாறியது, 1980களில் பில்சன் நகரின் லொஹோதீன் திறந்தவெளி அரங்கில் பல்லாயிரம் பேர் திரளும் விழாவாக வளர்ந்தது. அதிகாரபூர்வ இளைஞர் அமைப்பின் பெயர் விளம்பரத்தில் இருக்கும். வந்திருந்தவர்கள் முதுகுப்பையும் தூங்குபையுமாகப் புல்வெளியில் படுத்துக் கிடப்பார்கள்.

வெலின்ஸ்கியின் துப்பறியும் எழுத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். அந்த வகைக்குச் செக் மொழியில் நல்ல பரம்பரை உண்டு. சாபெக் 1929இலேயே, தலைப்பில் 'பை' என்ற சொல் கொண்ட இரண்டு தொகுதிகளைத் துப்பறியும் சிறுகதைகளால் நிரப்பினார். எடுவார்ட் ஃபிக்கர் போருக்கு முன்னும் பின்னும் ஏராளமாக எழுதினார். யோசெஃப் ஷ்க்வோரெட்ஸ்கி 1965இல் துப்பறியும் கதையின் வாசகராக இருந்து அதன் வரலாற்றை எழுதினார். மறு ஆண்டு துயரம் தோய்ந்த போலீஸ் அதிகாரி போரூவ்காவை நாயகனாக்கிக் கதைகள் வெளியிட்டார். 1969இல் நாட்டை விட்டு கனடாவுக்குப் போனார். அவர் போன பிறகு அரசு விரும்பிய துப்பறியும் நாயகன் தொலைக்காட்சிக்கு வந்தான். 'மேஜர் ஸெமானின் 30 வழக்குகள்' என்ற தொடரில் நாயகன் காவல்துறைக்காரன், கட்சி விசுவாசி. குற்றவாளிகள் பெரும்பாலும் மேற்கின் கையாட்கள். நீண்ட தலைமுடி வைத்த இசைக்கலைஞர்கள் கூட அதில் குற்றவாளிகளாக வந்தார்கள்.

வெலின்ஸ்கி உருவாக்கிய ஓத்தா ஃபின்க் இந்த மேஜருக்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறான். பல நாவல்களில் தொடர்ந்து வரும் இந்த நாயகன் தொழில்முறைக் காவலன் அல்லன். ஆர்வத்தால் துப்பறியப் போனவன். சர்வாதிகார நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. உண்மையைக் கண்டுபிடிக்கும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு என்று சொல்லப்படும் நாட்டில், அடையாள அட்டையோ அதிகாரமோ இல்லாத ஒருவன் கேள்வி கேட்டுக் கேட்டு விடையை எட்டுகிறான் என்பதே ஒரு நிலைப்பாடு. அதற்கு மேல் அரசியல் பேசத் தேவையில்லை. ஃபோக்லரின் பையன்கள் அனுமதி கேட்காமல் மர்மத்தின் பின்னால் போனார்கள். ட்ராம்புகள் அனுமதி கேட்காமல் காட்டுக்குப் போனார்கள். ஃபின்க் அவர்களுடைய வம்சத்தில் வந்தவன்.

அவர் அறிவியல் புனைகதைக்குப் போனதிலும் இதே தர்க்கம் வேலை செய்கிறது. 'ரோபோ' என்ற சொல்லைத் தந்த சாபெக்கின் நாடகத்திலும் 1936இல் வந்த 'நீர்ப்பல்லிகளுடன் போர்' நாவலிலும் தொடங்கிய செக் அறிவியல் புனைகதை, 1939இல் ஜே. எம். ட்ரொஸ்கா எழுதிய 'கேப்டன் நெமோ' மூன்று பாகங்களால் சிறுவர்களிடம் காட்டுத்தீயாகப் பரவியது. 1960களில் லுட்விக் சௌசெக்கும் யோசெஃப் நெஸ்வட்பாவும் அதை வளர்த்தார்கள். 1980களில் அது வாசகர் இயக்கமாகவே மாறியது. 1982இல் அறிவியல் புனைகதைக்கான காரெல் சாபெக் பரிசு ஏற்படுத்தப்பட்டது. அரசின் அகாதமிகள் தந்த பரிசு அல்ல, வாசகர் சங்கங்களின் பரிசு. வெற்றி பெற்றவருக்குக் கிடைப்பது சாபெக்கின் நாவலை நினைவூட்டும் நீர்ப்பல்லிச் சிலை. அதே ஆண்டு தேசிய மாநாடான 'பார்கான்' முதன்முதலாகக் கூடியது. சங்கங்கள் தாங்களே தட்டச்சு செய்து படியெடுத்த இதழ்களைச் சுற்றுக்கு விட்டன. ஆசிரியரும் வாசகரும் ஒரே அறையில் படுத்துறங்கி, இரவு முழுக்கக் கதை பேசி, காலையில் ரயிலேறிப் போகும் இந்தக் கூட்டங்களின் இலக்கணம் பொட்லாக்கின் இலக்கணமேதான். ட்ராம்ப் மரபில் வளர்ந்த ஒருவருக்கு அது பழகிய வீடு. வெலின்ஸ்கியின் அறிவியல் புனைகதைகளில் 'எங்கெர்லிங்கொவே', 'ஜ்வில்லே' ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

1989 நவம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது வெலின்ஸ்கிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பதாண்டுக்குப் பிறகு தனியார் பதிப்பகம் சட்டப்படி சாத்தியமானது. அவரும் 'கேப்டன் கிட்' என்ற தம் பட்டப்பெயரிலேயே பதிப்பகம் தொடங்கினார். காட்டில் கிடைத்த பெயர் அச்சகத்தின் முத்திரையானது. அந்தக் காலத்துப் புத்தகச் சந்தை எப்படி இருந்தது என்பதை நினைத்தால் இந்த முயற்சியின் துணிச்சல் புரியும். அமெரிக்க, பிரிட்டிஷ் விறுவிறுப்பு நாவல்களின் மொழிபெயர்ப்புகள் வெள்ளமாக வந்து குவிந்தன. தடையின் காலத்தில் ஏங்கிக் கிடந்த வாசகர்கள் அசலையே நேராக வாங்கலாம் என்று ஆனது. உள்ளூர்ச் சாகச எழுத்துக்குச் சந்தையில் இடம் குறைந்தது.

அந்த ஆண்டுகளில் அவர் எழுதியவற்றில் 'யான் டி.யின் கடைசி ரகசியம்' தனியிடம் பெறுகிறது. தலைப்பிலுள்ள யான் டி. வேறு யாருமில்லை, ஃபோக்லரின் யான் டிலெஸ்காச். மணிக்கூண்டிலிருந்து அந்தப் பையன் விழுந்ததைப் பற்றி முதலில் படித்தபோது வெலின்ஸ்கியின் தலைமுறைக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. இடையில் அந்தக் கதை தடைசெய்யப்பட்டு, 1960களில் திரும்பி வந்து, மறுபடியும் தடைசெய்யப்பட்டு, ஆட்சி மாறிய பிறகே தாராளமாகக் கடைக்கு வந்தது. வாசகராக அந்த மர்மத்துக்குள் நுழைந்தவர் துப்பறியும் நாவலின் தொழில் கைவந்த முதியவராகத் திரும்பி வந்து அதற்குள் தம் விடையை எழுதினார். இதைப் பெயர்பெற்ற படைப்பின் மேல் ஏறிச் சவாரி செய்யும் தொடர்ச்சி என்று எண்ணினால் பெரும் பிழை. ட்ராம்ப் மரபு புத்தகத்தோடு வைத்துக்கொண்ட உறவு எப்போதுமே இப்படித்தான். பிடித்த கதை முடிந்துவிட்டதாக அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அதில் தங்களுக்கும் ஒரு வேலை மிச்சமிருப்பதாக நினைக்கிறார்கள். வெலின்ஸ்கியின் எழுத்து முழுவதிலும் அவரை அவராகக் காட்டும் புத்தகம் இதுவே என்று துணிந்து சொல்லலாம்.

ஆய்வாளருக்கு இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. நாவல் நூலகப் பட்டியலில் நிற்கிறது. ஆசிரியர் பெயரும் ஆண்டும் அதில் இருக்கும். காட்டுப் பாட்டு அப்படி நிற்பதில்லை. அது கையெழுத்துப் பாட்டு நோட்டுகளில் ஒருவர் எழுதி இன்னொருவர் படியெடுத்துப் பரவுகிறது. மேலே கிட்டார் சுரங்களின் எழுத்துகள், கீழே வரிகள். இயற்றியவர் பெயர் மூன்றாவது பிரதியிலேயே காணாமல் போய்விடும். பாட்டு வெற்றி பெற்றால் பெயர் அழியும் என்பதுதான் அந்த மரபில் நடப்பது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு யாரோ எழுதிய பாட்டாகிவிடுகிறது. பாடுபவருக்கு அது குறையல்ல. வாழ்க்கை வரலாறு எழுதப்போகிறவருக்குப் பெரிய இழப்பு. கேப்டன் கிட்டைப் பற்றி இதுவரை பேசியவர்கள் நாவலாசிரியரை அதிகமாகவும் பாடலாசிரியரைக் குறைவாகவும் பேச இதுவும் காரணம்.

அவருடைய தலைமுறை இப்போது மறைந்துகொண்டிருக்கிறது. சாஸவா, பெரௌங்கா ஆறுகளின் கரையிலும் பிர்டி குன்றுகளிலும் உள்ள பழைய குடில்களில் அந்தப் பாட்டு நோட்டுகளும் குடியிருப்பு நாட்குறிப்பேடுகளும் இன்னும் பெட்டிகளில் கிடக்கின்றன. வாரிசுகளுக்கு அவை பழைய காகிதம். யார் எப்போது எந்தப் பாட்டை முதலில் பாடினார், எந்த ரொடொகாப்ஸ் கதையிலிருந்து எந்தப் பட்டப்பெயர் வந்தது, எந்த ஆண்டு போலீஸ் எந்தக் கூட்டத்தைக் கலைத்தது என்ற விவரங்கள் அவற்றில்தான் உள்ளன. வெலின்ஸ்கியின் நாவல்களைப் பற்றிய ஆய்வும் அந்தப் பெட்டிகளைத் திறந்த பிறகே முழுமையாகத் தொடங்க முடியும்.